கொழுந்து தேரும் கைகளும் வேட்பாளர் தேர்வும்

தேயிலைச் செடியின் முன் நிற்கும் தொழிலாளிக்கு எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று எவரும் அருகில் நின்று சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கின்றன என்பதைக் கண் காணும் முன்பே விரல் கண்டுவிடும். முற்றிய இலை கூடையில் விழுந்தால் சரக்கின் தரம் கெடும் என்பதை அவள் அறிவாள். 1929ஆம் ஆண்டில் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டுக் கேமரன் மலையின் சரிவுகளைத் திருத்தி, செடி நட்டு, கொழுந்தெடுத்த கைகளுள் பெரும்பாலானவை தமிழ்க் கைகளே. இன்று பல சரிவுகளில் விரலின் வேலையைக் கத்திரியும் இயந்திரமும் செய்கின்றன. வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தோர் அவற்றை இயக்குகின்றனர். லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். ஆயினும் மலையில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று இருக்கிறது, அது வாக்கு.

தேர்வதில் இத்துணைப் பழக்கமுள்ள சமுதாயத்தின் கையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சீட்டுத் தரப்படுகிறது. அச்சீட்டில் சில பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு நேரே அடையாளமிடும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் அப்பெயர்கள் அங்கே எப்படி வந்தன? யார் எழுதினர்? யாரைக் கேட்டு எழுதினர்? இக்கேள்விகளுக்கு மலையில் விடை கிடையாது. கூடைக்குள் எது விழ வேண்டும் என்பதை வேறெவரோ முடிவு செய்துவிட்டு, கூடையைச் சுமக்கும் பொறுப்பை மட்டும் தொழிலாளிக்கு விட்டுவைப்பது போன்றதே இது.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மலையெங்கும் ஒரு விளையாட்டுத் தொடங்கும். அதன் பெயர் ஊகம். “இவருக்குத்தான் இடமாம்”, “அவர் பெயர் பட்டியலில் இல்லையாம்”, “தலைவர் கையெழுத்தே போட்டுவிட்டாராம்” என்று கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பேச்சு எழும். நாளேடுகள் இப்பேச்சுக்கு எண்ணெய் வார்க்கும். படித்தவரும் பாமரரும் அரசியல் பேசிவிட்ட நிறைவோடு வீடு திரும்புவர். இவ்வளவு ஊகம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தன் வீட்டுத் திருமணத்தில் என்ன சமைப்பார்கள் என்று எவரேனும் ஊகிப்பதுண்டா? விருந்துக்கு அழைக்கப்பட்டவரே ஊகிப்பர். வீட்டுக்காரர் முடிவு செய்வார். உரிமை இல்லாத இடத்தில்தான் ஊகம் கொழிக்கும்.

இவ்வூக விளையாட்டைக் கடல் கடந்தும் தமிழர் ஆடியதுண்டு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான சனநாயகக் கட்சியின் வேட்பாளராக முன்னிலை பெற்ற ஜோ பைடன், துணை அதிபர் பதவிக்கு யாரைத் தம்மோடு நிறுத்துவார் என்று உலகமே ஊகித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டு 11ஆம் நாள் கமலா ஹாரிஸின் பெயரை அவர் அறிவித்தார். கமலாவின் தாய் சியாமளா கோபாலன் தமிழர். தாய்வழிப் பாட்டனார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர். அச்சிற்றூரில் பதாகைகள் எழுந்தன. கோயிலில் வழிபாடு நடந்தது. மலேசியத் தமிழரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி தவறன்று. ஆனால் அந்தப் பெயர் எப்படித் தேரப்பட்டது என்பதை அறிந்து மகிழ்ந்தவர் எத்தனை பேர்?

அமெரிக்காவில் இரண்டு வழிகள் பக்கத்திற் பக்கத்தில் இருக்கின்றன. அதிபர் வேட்பாளரைத் தேரும் வழி ஒன்று. மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் நடக்கும். கட்சி ஆதரவாளராகிய சாதாரணக் குடிமகனும் சாவடிக்குச் சென்று, தன் கட்சியின் வேட்பாளராக யார் நிற்க வேண்டும் என்று வாக்களிப்பான். இவ்வுரிமையும் தானாகக் கனிந்து விழுந்ததன்று. 1968ஆம் ஆண்டில் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் நில்லாமலே கட்சித் தலைவர்களின் ஆதரவால் வேட்பாளரானார். சிக்காகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே இளைஞர் கொதித்தெழுந்தனர், தடியடி நடந்தது. அதன் பின்னரே கட்சி தன் விதிகளைத் திருத்தி அமைத்தது. 1972 முதல் முதனிலைத் தேர்தலே வேட்பாளரை முடிவு செய்யலாயிற்று.

துணை அதிபர் வேட்பாளரைத் தேரும் வழி மற்றொன்று. அது ஒருவர் விருப்பம். மாநாடு ஒப்புதல் தரும். ஆனால் பெயரைச் சொல்பவர் அதிபர் வேட்பாளரே. கமலா ஹாரிஸ் அதிபர் பதவிக்குப் போட்டியிட முனைந்து, ஒரு மாநிலத்திலேனும் வாக்குப்பதிவு நடக்கும் முன்பே 2019 டிசம்பரில் விலகியவர். எட்டு மாதங்களுக்குப் பின் ஒருவர் விருப்பத்தால் துணை அதிபர் வேட்பாளரானார். 2024ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, முதனிலைத் தேர்தல்கள் முடிந்துவிட்டிருந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பைடனுக்கு அளித்த வாக்குகள் அப்படியே நிற்க, கட்சிப் பேராளர்களின் ஒப்புதலால் கமலா அதிபர் வேட்பாளரானார். ஆகஸ்டு 6ஆம் நாள் தமக்குத் துணையாக டிம் வால்ஸைத் தேர்ந்தார். நவம்பரில் தோற்றார். தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் “இவரை யார் தேர்ந்தது?” என்ற கேள்வி அத்தேர்தல் முழுவதும் அவரைத் தொடர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

இந்நாட்டிலுள்ள தமிழர் கருத வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பதவிக்கு மட்டும் எஞ்சி நிற்கும் பழைய வழி, மலேசியாவில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே வழியாக இருக்கிறது. இங்கே நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும், ஒருவகையில், ஒரு தலைவர் தமக்குத் துணையாகத் தேர்ந்துகொண்டவரே. கூட்டணித் தலைவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதம் எவர் கையில் இருக்கிறதோ அவரே வேட்பாளர். தொகுதி மக்களின் ஒப்பம் அக்கடிதத்தில் எங்கும் இல்லை.

கேமரன் மலைத் தொகுதியின் வரலாறு இதற்குச் சான்று. தானா ராத்தா, ஜெலாய் என்னும் இரு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கிய இந்நாடாளுமன்றத் தொகுதி முதன்முதலாக 2004ஆம் ஆண்டில் தேர்தலைக் கண்டது. தேசிய முன்னணி இதனை ம.இ.கா.வுக்கு ஒதுக்கியது. எஸ்.கே. தேவமணி நின்றார்; வென்றார். 2008இல் நாடெங்கும் ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்கள் சாய்ந்தபோதும் இம்மலை அவரைக் கைவிடவில்லை. இரண்டு முறை வென்ற ஒருவரை மூன்றாம் முறை நிறுத்துவதா வேண்டாவா என்று தொகுதியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 2013இல் அவர் சுங்கை சிப்புட்டுக்கு மாற்றப்பட்டுத் தோற்றார். கேமரன் மலைக்குக் கட்சியின் தேசியத் தலைவர் ஜி. பழனிவேல் வந்தார்.

பழனிவேல் வந்த வழியும் நினைக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டு ம.இ.கா. துணைத் தலைவர் தேர்தலில் அவர் வென்றது, அன்றைய தலைவர் சாமிவேலுவின் ஆதரவோடு. 2008இல் தம் உலு சிலாங்கூர் தொகுதியை 198 வாக்குகளில் இழந்தார். 2010இல் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது துணைத் தலைவரே நிற்பார் என்று பல நாள்கள் ஊகம் ஓடிற்று; முடிவில் நிறுத்தப்பட்டவர் பி. கமலநாதன். அவ்வாண்டு டிசம்பரில் சாமிவேலு பதவி விலகியதும் பழனிவேல் தலைவரானார். கட்சியின் துணைத் தலைவருக்கே தாம் நிற்கும் தொகுதி தம் கையில் இல்லை எனின், லயத்துக் கிளையின் உறுப்பினருக்கு எது கையில் இருக்கும்? தேர்வு என்பது மேலே செல்லச் செல்ல ஒரே கையில் குவிகிறது. அந்தக் கையும் ம.இ.கா.வின் கையன்று.

2013ஆம் ஆண்டுத் தேர்தலில் பழனிவேல் 462 வாக்குகள் வேறுபாட்டில் வென்று அமைச்சரானார். அவருடைய துறை இயற்கைவளமும் சுற்றுச்சூழலும். அவ்வாண்டு அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பாய்ந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. 2014 நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் உயிர்ப்பலி. மலையைச் சுரண்டிக் காட்டை அழித்தவர் யார் என்று கேட்க வேண்டிய காலம் அது. அதே காலத்தில் கட்சியோ, தன் 2013ஆம் ஆண்டு உட்கட்சித் தேர்தல் குறித்துச் சங்கப் பதிவிலாகாவோடும், பின்னர் நீதிமன்றத்திலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. 2015இல் பழனிவேல் கட்சி உறுப்பியத்தையே இழந்தார். வெள்ளத்துக்கு அவர்தாம் காரணம் என்று கூறுவது நேர்மையன்று. ஆனால் தொகுதியின் கவலை ஒரு பக்கமும் தலைமையின் கவலை மற்றொரு பக்கமும் ஓடிய அவலத்தை மலை மக்கள் கண்கூடாகக் கண்டனர். தொகுதியால் தேரப்பட்டவன் தொகுதிக்கு அஞ்சுவான். தலைமையால் தேரப்பட்டவன் தலைமையை நோக்கியே நிற்பான். இது தனிமனிதர் குணம் பற்றியதன்று. வேர் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் செடி நீர் உறிஞ்சும்.

2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் இத்தொகுதிக்காக ம.இ.கா.வும் மை பி.பி.பி.யும் வெளிப்படையாக மோதின. இரு கட்சித் தலைமைகளும் உரிமை கோரின. உரிமைக்குரியவர்களோ வேடிக்கை பார்த்தனர். இறுதியில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் நிறுத்தப்பட்டு 597 வாக்குகளில் வென்றார். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது என்ற அடிப்படையில் தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30ஆம் நாள் அவ்வெற்றியைச் செல்லாததாக்கிற்று. 2019 சனவரி 26ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா.வுக்குரியதாகக் கருதப்பட்ட இடம் அதனிடமிருந்து அகன்றது. தேசிய முன்னணி ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் 3,238 வாக்குகள் வேறுபாட்டில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் என்ற பெருமையைப் பெற்றார். 2022இல் மீண்டும் வென்று மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார்.

எதிர்த்தரப்பும் இவ்வகையில் மாறுபட்டதன்று. சனநாயகச் செயல் கட்சி 2013, 2018, 2019 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நிறுத்திய மு. மனோகரன், 2008 முதல் 2013 வரை தெலுக் இந்தான் உறுப்பினராக இருந்து இங்கே அனுப்பப்பட்டவர். அவருடைய உழைப்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவரை அனுப்பியதும் ஒரு மேசையே. இரு தரப்பாரும் மேசையில் அமர்ந்து பெயர் எழுதுகின்றனர். மேசைகள் வேறு, வழக்கம் ஒன்று.

தோட்டத்துத் தமிழருக்கு இவ்வழக்கம் புதிதன்று. அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருந்தனர். கங்காணி! துரை நியமிப்பார், கங்காணி ஆள் சேர்ப்பார், விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசிப்பார். அவர் தொழிலாளியின் இனத்தவர், தொழிலாளியின் மொழி பேசுபவர், சில வேளை தொழிலாளிக்காகப் பரிந்து பேசுபவர்கூட. ஆனால் அவரைக் கங்காணியாக்கியது தொழிலாளியன்று. ஆகவே துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பூசல் வந்த நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. கங்காணி முறை மறைந்து பல்லாண்டுகள் ஆயின. வேட்பாளர் தேர்வில் மட்டும் அது வெள்ளைச் சட்டை அணிந்து உயிர்வாழ்கிறது.

இவ்வாறு கூறும்போது சில மறுப்புகள் எழும். “கூட்டணி அரசியலில் தொகுதியைக் கேட்டு வேட்பாளரை நிறுத்த இயலாது” என்பது முதல் மறுப்பு. எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்பதைத் தலைவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அக்கட்சிக்குள் யார் நிற்பது என்பதைத் தொகுதியின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்ப்பதற்கு எந்தக் கூட்டணி குறுக்கே நிற்கிறது? மக்கள் நீதிக் கட்சி 2010இலேயே தன் பொறுப்பாளர்களை ஒவ்வோர் உறுப்பினரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. கட்சிப் பதவிக்கு இயன்றது மக்கள் பதவிக்கு ஏன் இயலாது?

“பணம் விளையாடும், கிளைகளை விலைக்கு வாங்குவர்” என்பது இரண்டாம் மறுப்பு. பணம் இப்போது விளையாடவில்லையா? நீதிமன்றம் ரத்துச் செய்த தேர்தல் எந்தத் தொகுதியினுடையது? மேலிருந்து வேட்பாளரை இறக்கியது பணத்தைத் தடுக்கவில்லை.

“தோட்டத்து மக்களுக்குத் தேரத் தெரியாது” என்பது மூன்றாம் மறுப்பு. இதனை வாய்விட்டுச் சொல்பவர் சிலர். மனத்தில் வைத்திருப்பவர் பலர். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தோட்டந்தோறும் செயற்குழு அமைத்தவர் யார்? 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வயிற்றைக் கட்டிப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய அறிவு யாருடையது? மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கணக்குப் பிள்ளையைத் தேர்வதில் இம்மக்கள் காட்டும் கண்டிப்பைக் கட்சித் தலைமைகள் வேட்பாளர் தேர்வில் காட்டியிருந்தால் நாடு எங்கோ போயிருக்கும்.

நான்காம் மறுப்பே கடினமானது, நேர்மையோடு எதிர்கொள்ளத்தக்கது. இத்தொகுதியில் இந்திய வாக்காளர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே. பூர்வகுடியினர் ஐந்தில் ஒரு பங்கு. மலாய்க்காரரும் சீனரும் அதனினும் மிகுதி. தொகுதியையே கேட்டால் தமிழர் ஒருவர் வேட்பாளராவது எங்ஙனம்? மேலிடத்து ஒதுக்கீடு அன்றோ காப்பு? இவ்வாதம் பல்லாண்டுகளாகச் சமுதாயத்தைக் கட்டிவைத்திருக்கிறது. அதற்கு விடை 2019 சனவரியிலேயே கிடைத்துவிட்டது. அந்தக் காப்பு ஒரு கூட்டத்தில், ஓர் அறிவிப்பில், தோட்டத்து மக்களை ஒரு சொல் கேளாமல் மறைந்துபோயிற்று. பூர்வகுடி ஒருவர் அவைக்குச் சென்றது நீதியே; நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதி. அதற்காக வருந்துவோர் தமிழரின் துயரத்தையே அறியாதவர் ஆவர். வருந்த வேண்டுவது வேறொன்றுக்கு. கேளாமல் தரப்பட்ட இடம் கேளாமலே எடுக்கப்பட்டது. ஒதுக்கீட்டை நம்பியிருந்த பதினைந்தாண்டுகளில் தமிழர் பக்கத்துக் கம்போங்கிலுள்ள பூர்வகுடியினரோடோ, காய்கறித் தோட்டத்துச் சீனரோடோ, ஜெலாய் மலாய்க்காரரோடோ அமர்ந்து ‘எல்லாருக்கும் பொதுவானவர் யார்?’ என்று பேச வேண்டிய தேவையே எழவில்லை. தேர்வு கீழே இருந்திருந்தால் அப்பேச்சு நடந்திருக்கும். ஏழில் ஒரு பங்கு என்பது சிறிய எண். ஆனால் 462 வாக்குகளிலும் 597 வாக்குகளிலும் முடிவான தொகுதியில் அது பெரிய துருப்பு. அத்துருப்பை மேசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊகம் பேசிக்கொண்டிருந்ததே பிழை.

பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை தன் கோயிற் சுவரில் எழுதிவைத்தது என்ன? முப்பது குடும்பும் தத்தம் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட வேண்டும். கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதலாகாது. அவன் உறவினர் பெயரையும் எழுதலாகாது. நிலமுடையோர்க்கு மட்டுமே உரிய சபை அது. பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அங்கு இடமில்லை. அதனைப் பொற்காலம் என்று பாடுவது மடமை. எனினும் ஒன்றை அவர்கள் அறிந்திருந்தனர். குடத்திலிருந்து ஓலையை எடுப்பது யார் என்பதைவிடக் குடத்துக்குள் ஓலையை இடுவது யார் என்பதே பெரிது. அதனால்தான் எடுக்கும் வேலையைச் சிறுவனிடம் விட்டு, இடும் உரிமையைக் குடும்புகளிடமே வைத்தனர்.

அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் கேமரன் மலையில் செய்யத்தக்கது பெரிய புரட்சி ஒன்றுமன்று. எந்தக் கட்சி இத்தொகுதியில் நிற்க விரும்பினாலும், நிற்க விழைவோர் பெயரை முன்கூட்டியே வெளியிடட்டும். அவர்கள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கம்போங் ராஜாவிலும் ஜெலாய்ச் சிற்றூர்களிலும் வந்து நின்று மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். நிலச்சரிவு, வீட்டுரிமை, தமிழ்ப்பள்ளி, பூர்வகுடியினர் நிலம் ஆகியவற்றில் என்ன செய்வர் என்று வாய்திறக்கட்டும். பின்னர் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் மறைமுகமாக வாக்களிக்கட்டும். வென்றவர் பெயரையே நியமனக் கடிதத்தில் எழுதுவோம் என்று தலைமை முன்னமே வாக்குறுதி தரட்டும். 2013 முதல் 2022 வரை இம்மலையில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற தேசிய முன்னணியும் சனநாயகச் செயல் கட்சியும் 2022 முதல் நடுவணரசில் ஓரணியில் இருக்கின்றன. முன்பு இரண்டு மேசைகள் இருந்தன. இனி ஒரே மேசையாகிவிடவும் கூடும். அப்போது வாக்காளருக்கு இரண்டு பெயர்களுள் ஒன்றைத் தேரும் சிற்றுரிமையும் குறையும். ஆகவே இக்கோரிக்கையை எழுப்பும் காலம் இதுவே.

தமிழ் வேர் கொண்ட ஒருவர் அமெரிக்காவில் துணை அதிபரானது பெருமைதான். அதைவிடப் பெரிய பாடம் சிக்காகோ வீதியில் தடியடி பட்டவர்களிடம் இருக்கிறது. அவர்கள் வேட்பாளரின் பெயரைக் கேட்டுக் கைதட்டவில்லை, அந்தப் பெயரைத் தேரும் உரிமையைக் கேட்டு நின்றனர், நான்காண்டுகளில் பெற்றனர். கேமரன் மலையில் நாள்தோறும் பல்லாயிரம் கொழுந்துகளைத் தேர்ந்த கை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தேர்வதற்கு இனியும் எவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்?